கணினி சூடானால் எப்படிப்பட்ட ஒலி எழுப்ப வேண்டும்?

கேள்வியைச் சுருக்கித் திரும்பச் சொல்லிவிடுகிறேன். ராத்திரி வீடியோ ரெண்டர் ஆகும்படி (தொகுத்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் கனமான வேலை) கணினியை ஓடவிட்டுப் பக்கத்து அறையில் தூங்குகிறீர்கள். பகலில் அது ஓடும்போது வீட்டில் இருப்பவர் எழுபது வயதைத் தாண்டிய அப்பா மட்டும். கணினியின் மையச் செயலியான சிபியுவின் வெப்பம் எல்லை மீறினால் ஒலிக்கட்டும் என்று இணையத்திலிருந்து ஒரு சைரன் ஒலியை இறக்கிப் போட்டிருக்கிறீர்கள். சில நாள் அது காரணமே இல்லாமல் அலறுகிறது. சில நாள் ஒலித்தும் அப்பாவுக்குக் கேட்கவில்லை. இதைவிட நல்ல எலக்ட்ரானிக் அலாரம் ஒலி எங்கே கிடைக்கும் என்று எழுதியிருக்கிறீர்கள். நான் படித்த வரையில், உங்களுக்கு வேண்டியது வேறொரு கோப்பைவிடப் பெரியது. தேவைப்படும்போது மட்டும் ஒலிக்க வேண்டும், ஒலித்தால் அப்பாவின் காதுக்கு எட்ட வேண்டும், எட்டியதும் 'இது கணினி' என்று அவருக்குப் புரிய வேண்டும். இயந்திரக் கட்டுப்பாட்டுப் பலகைகளுக்கும் சர்வர் அறைகளுக்கும் அலாரம் அமைப்பது பதினைந்து வருடமாக என் வேலை என்பதால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உங்கள் கடைசி வரியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அது அவசரமானது. போன வாரம் ஸ்பீக்கர் அணைந்திருந்தபோதும் பெட்டிக்குள்ளிருந்து மேலும் கீழுமாகச் சுருதி மாறும் பீப் ஒலி வந்தது, வைரஸாக இருக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். அது கணினியின் முதன்மைச் சுற்றுப்பலகையான மதர்போர்டே எழுப்பிய ஒலி. வெப்பத்தையும் விசிறி வேகத்தையும் அளப்பதற்கென்றே போர்டில் ஒரு சில்லு உண்டு. பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே தொடங்கும் போர்டின் அடிப்படை நிரல்) 'சிபியு வார்னிங் டெம்பரேச்சர்', 'ஃபேன் ஃபெயில் வார்னிங்' போன்ற பெயர்களில் இருக்கும் எல்லை மீறப்பட்டால், விண்டோஸ் என்ன செய்துகொண்டிருக்கிறது என்று பார்க்காமல் போர்டு தன் சின்ன ஒலிப்பானை, அதாவது பஸ்ஸரை, அடிக்கும். ஓடிக்கொண்டிருக்கும் கணினியில் உயர்ந்தும் தாழ்ந்தும் மாறிமாறி வரும் பீப் என்றால், பழைய பயாஸ் குறியீடுகளில் சிபியு சூடேறிவிட்டது அல்லது அதன் விசிறியில் கோளாறு என்று அர்த்தம். பீப் குறியீடுகள் போர்டுக்குப் போர்டு மாறும், அதனால் உங்கள் போர்டின் கையேடு சொல்வதுதான் முடிவு. ஆனாலும் கையேட்டைத் தேடி எடுப்பதற்கு முன்பே கணினியை அணைத்து, பெட்டியைத் திறந்து, விசிறி தடையில்லாமல் சுற்றுகிறதா, சிபியுவின் சூட்டை வெளியேற்றும் உலோகத் தகடுகளான ஹீட்சிங்க் இடுக்குகளில் தூசி அப்பியிருக்கிறதா என்று பாருங்கள். இதை இன்றே செய்துவிடுங்கள், ஒலி வேலை நாளைக்கு இருக்கட்டும்.

சரி, ஒலிக்கு வருவோம். சைரனை எடுத்துவிடுங்கள் என்பது என் முதல் யோசனை. திடீரென்று உச்ச சத்தத்தில் தொடங்கும் ஒலி கேட்டால் உடம்பு தூக்கிப்போடுகிறது. அந்த நிலையில் மனிதர்கள் செய்யும் முதல் காரியம் சத்தத்தை நிறுத்துவது. எதனால் சத்தம் என்று பார்ப்பது அதற்கப்புறம்தான். கட்டுப்பாட்டு அறைகளில் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன்: அலறும் அலாரத்துக்குப் பக்கத்தில் உள்ள மியூட் பொத்தான்தான் முதலில் தேய்ந்துபோகும். அதோடு, சைரன் என்றால் ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி என்று மனதில் ஏற்கெனவே பதிந்திருக்கிறது. அப்பா ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பாரே தவிர, கணினியைப் பார்க்க மாட்டார்.

அடுத்தது சுருதி. காது மிகக் கூர்மையாகக் கேட்பது ஏறக்குறைய 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு எத்தனை அதிர்வு என்ற கணக்கு) வரை. மலிவான பீசோ பஸ்ஸர்களும் பெரும்பாலும் இந்த வட்டாரத்தில்தான் அதிகச் சத்தம் தருகின்றன. அதனால்தான் மின்னணுச் சாதனங்கள் எல்லாம் ஒரே மாதிரி 'கீ' என்று கத்துகின்றன. நல்ல காதுக்கு அது போதும். ஆனால் வயதாகும்போது முதலில் குறைவது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் திறன்தான். உங்கள் பேச்சு அப்பாவுக்கு நன்றாகக் கேட்கும். 3,000 ஹெர்ட்ஸில் வரும் மெல்லிய பீப் மட்டும் கேட்காது. பக்கத்து அறைக் கதவு மூடியிருந்தால் இன்னும் மோசம், ஏனென்றால் கதவும் சுவரும் உயர்ந்த சுருதியைத்தான் அதிகமாகத் தடுக்கும். எனவே அவர் ஒலியைக் கவனிக்காமல் விட்டார் என்று நினைக்காதீர்கள். அது அவரிடம் போய்ச் சேரவே இல்லாமல் இருந்திருக்கலாம்.

அதற்காக மிகவும் கீழே இறங்கவும் முடியாது. ஏழு இறக்கை உள்ள விசிறி நிமிடத்துக்கு 1,200 சுற்று சுற்றினால் நொடிக்கு 140 இறக்கைகள் கடந்துபோகின்றன, அதாவது 140 ஹெர்ட்ஸில் ஒரு ரீங்காரம். காற்றின் இரைச்சலும் அதோடு சேர்ந்துகொள்ளும். சூடேறும்போது விசிறி இன்னும் வேகமாகச் சுற்றும், ஆகவே அலாரம் தேவைப்படும் நேரம்தான் அறையில் இரைச்சல் அதிகமாக இருக்கும் நேரம். மடிக்கணினியின் குட்டி ஸ்பீக்கரோ 200 ஹெர்ட்ஸை ஒழுங்காக வெளியிடவே செய்யாது.

இந்த இரண்டு நெருக்கடிகளுக்கும் நடுவில் ஒரு நல்ல இடம் இருக்கிறது. அதைக் கண்டுபிடித்துத் தந்தது தீ எச்சரிக்கைத் துறை. வழக்கமான புகை அலாரம் ஏறத்தாழ 3,100 ஹெர்ட்ஸில் ஒலிக்கும். வயதானவர்களையும் காது மந்தமானவர்களையும் தூக்கத்திலிருந்து எழுப்ப அது போதவில்லை, 520 ஹெர்ட்ஸ் சதுர அலை (மேல் நிலைக்கும் கீழ் நிலைக்கும் சட்டென்று தாவும் அலை) அதைவிட நன்றாக எழுப்புகிறது என்று சோதனைகளில் தெரியவந்தது. தீ எச்சரிக்கைக்கான அமெரிக்காவின் என்எஃப்பிஏ 72 விதித்தொகுப்பு அதன் 2010 பதிப்பிலிருந்தே தூங்கும் இடங்களுக்கு இதைக் கொண்டுவந்தது. சதுர அலை என்பது முக்கியம். வழுவழுப்பான சைன் அலையில் 520 மட்டும்தான் இருக்கும். சதுர அலையில் அதன் ஒற்றைப்படை மடங்குகளும் கூடவே வரும்: 1,560, 2,600, 3,640 என்று. காது நன்றாக இருப்பவருக்கு மேலே உள்ளவை உறைக்கும், மேலே கேட்காதவருக்கு அடியில் உள்ள 520 கேட்கும். ஒரே ஒலியில் இரண்டு வயதுக்கும் வழி இருக்கிறது. நீங்கள் கேட்ட 'எலக்ட்ரானிக்' தன்மையும் இதில்தான் இருக்கிறது. பழைய பிசி ஸ்பீக்கரின் ஒலி நமக்குப் பழக்கமானதற்குக் காரணமும் சதுர அலைதான். அதில் ஒரு டைமர் சில்லு நொடிக்கு 11,93,182 துடிப்புகளை ஒரு எண்ணால் வகுத்துக் கொடுக்கும். 1,193 ஆல் வகுத்தால் ஏறக்குறைய 1,000 ஹெர்ட்ஸ் பீப்.

இங்கே ஒன்றைப் பிரித்துச் சொல்ல வேண்டும். 520 ஹெர்ட்ஸ் பற்றிச் சொன்னது சோதித்து அறிந்தது. ஆனால் அந்த விதித்தொகுப்பு தலையணை அருகே குறைந்தது 75 டெசிபெல் சத்தம் வேண்டும் என்றும் சொல்கிறது. மேசை ஸ்பீக்கரிலிருந்து வரும் ஒலி மூடிய கதவைத் தாண்டி உங்களை எழுப்புமா என்பது உங்கள் வீட்டில் வைத்துப் பார்த்தால்தான் தெரியும், அதை இங்கிருந்து என்னால் சொல்ல முடியாது. என்னைக் கேட்டால், ராத்திரியில் உங்களை எழுப்புவதற்கே அவசியம் இல்லை. வெப்பம் கூடினால் ரெண்டரை நிறுத்தும்படியோ கணினியை அணைக்கும்படியோ கட்டளை கொடுத்து வைப்பது உங்கள் தூக்கத்துக்கும் நல்லது, இயந்திரத்துக்கும் நல்லது. ஒலி, விழித்திருப்பவருக்கானது.

இனி நான் மிக முக்கியமாக நினைப்பது: தாளம். ஓர் அலாரத்தை இன்னொன்றிலிருந்து மனிதர்கள் பிரித்தறிவது பெரும்பாலும் சுருதியை வைத்து அல்ல, ஒலியும் மௌனமும் விழும் கணக்கை வைத்துத்தான். ஒருமுறை ஒரு சர்வர் அறையில் எட்டு அலமாரிகள், எல்லாவற்றிலும் ஒரே வகை பஸ்ஸர். எங்கோ ஒன்று 'பீ...' என்று விடாமல் ஒலித்தது. நானும் இன்னொருவரும் ஒவ்வொரு அலமாரிக் கதவிலும் காதை வைத்துப் பார்த்துக்கொண்டே போனோம். இந்தப் பக்கம் நின்றால் அந்தப் பக்கம் கேட்டது, அங்கே போனால் பின்னாலிருந்து கேட்டது. இறுதியில் காதை நம்புவதை விட்டுவிட்டு, ஒவ்வொன்றாக விசிறியின் முன் கையை நீட்டிக் காற்று வருகிறதா என்று பார்த்துத்தான் கண்டுபிடித்தோம். பிறகு படித்தபோது காரணம் புரிந்தது: ஒலி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பதில் காது அதிகமாகத் தடுமாறுவது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒற்றைச் சுருதி ஒலிகளில்தான். பல சுருதிகள் கலந்த, விட்டுவிட்டு வரும் ஒலியாக இருந்தால் தலையைத் திருப்பியதுமே திசை பிடிபடும்.

தாளத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தவிர்க்க வேண்டும். அரை நொடி ஒலி மூன்று முறை, அவற்றுக்கு நடுவில் அரை நொடி மௌனம், மூன்றாவது ஒலிக்குப் பிறகு ஒன்றரை நொடி மௌனம். இது ஐஎஸ்ஓ 8201 தரத்தில் உள்ள, கட்டடத்தை விட்டு வெளியேறச் சொல்லும் தீ எச்சரிக்கை. 520 ஹெர்ட்ஸ் சதுர அலையில் இதே தாளத்தைப் போட்டால், கணினி சூடானதற்கு வீட்டிலுள்ளவர்கள் வெளியே ஓடுவார்கள். அதைவிட ஆபத்து, அது கணினி ஒலி என்று பழகிவிட்டால் ஒருநாள் உண்மையான தீ அலாரம் அடிக்கும்போது அப்பா எழுந்திருக்காமல் உட்கார்ந்திருப்பார்.

நான் சிபாரிசு செய்வது குறில், குறில், நெடில். 120 மில்லிநொடி ஒலி, 100 மௌனம், மறுபடி 120 ஒலி, 100 மௌனம், பிறகு 400 மில்லிநொடி நீண்ட ஒலி. மொத்தம் 840 மில்லிநொடி. 'வருவாய்' என்று சொல்லிப் பாருங்கள், அதே அளவு. அப்பாவிடமும் அப்படியே சொல்லிக்கொடுங்கள்: "கம்ப்யூட்டர் 'வருவாய், வருவாய்'னு கூப்பிட்டா போய்ப் பாருங்கப்பா." சொல்லோடு சேர்ந்த தாளம் மறக்காது. முதல் கட்ட எச்சரிக்கைக்கு நான்கு நொடிக்கு ஒருமுறை ஒலித்தால் போதும். நிலைமை முற்றினால் இடைவெளியை ஒரு நொடியாகக் குறைத்து, கடைசி நெடிலை மட்டும் 690 ஹெர்ட்ஸுக்கு உயர்த்துங்கள். வேகமும் சுருதியும் கூடினால் அவசரம் கூடுவதாகக் கேட்பவர் உணர்வார் என்பது எச்சரிக்கை ஒலிகளைப் பற்றி நன்றாக ஆராய்ந்து அறியப்பட்ட விஷயம். ஒலியளவைக் கூட்டாமலே அவசரத்தைச் சொல்ல முடியும் என்பதால் இது எனக்கு மிகவும் பிடித்த உத்தி.

இதை நீங்களே செய்துகொள்ளலாம், இறக்க வேண்டியதில்லை. ஒலியைத் தொகுக்கும் நிரலான ஆடாசிட்டியில் ஜெனரேட் பட்டியலில் டோன் என்று இருக்கும். அலை வடிவத்தில் 'ஸ்கொயர், நோ அலையஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். வெறும் ஸ்கொயர் போட்டால் மேல் மடங்குகள் மடிந்து வந்து சுருதியோடு ஒட்டாத ஓசை கலக்கும். ஆம்ப்ளிட்யூட் (அலையின் உயரம்) 0.5 போதும், ஒரே உச்சத்தில் சதுர அலையின் ஆற்றல் சைன் அலையைவிட 3 டெசிபெல் அதிகம். மூன்று ஒலிகளையும் நடுவில் மௌனத்தையும் அடுத்தடுத்து வைத்த பிறகு ஒலிக்கவிட்டால் ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் முடிவிலும் 'டிக்' என்று ஒரு தெறிப்பு கேட்கும். அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். அதுவரை மேலும் கீழுமாகக் கட்டம் கட்டமாக வந்த கோடு, 0.5 உயரத்திலிருந்து சுவரிலிருந்து குதித்தாற்போல் ஒரே புள்ளியில் பூஜ்யத்தில் விழுந்திருக்கும். அந்த விழுதல்தான் தெறிப்பு. கடைசி 5 மில்லிநொடியை, அதாவது நொடிக்கு 44,100 மாதிரிகள் (ஒலியைப் பதியும் புள்ளிகள்) என்றால் ஏறக்குறைய 220 மாதிரிகளை, தேர்ந்தெடுத்து ஃபேட் அவுட் (ஒலி படிப்படியாகத் தேய்வது) கொடுங்கள், சுவர் சரிவாகிவிடும். தொடக்கத்தில் 20 மில்லிநொடி ஃபேட் இன் (ஒலி படிப்படியாக ஏறுவது) கொடுங்கள். 20 மில்லிநொடி தாமதம் யாருக்கும் தெரியாது, ஆனால் உடம்பைத் தூக்கிப்போடும் அந்த அதிர்ச்சி வெகுவாகக் குறைந்துவிடும்.

கோப்பைச் சுருக்கப்படாத வேவ் வடிவிலேயே சேமியுங்கள். எம்பி3 ஆக்கினால் முன்னும் பின்னும் சிறு மௌனம் ஒட்டிக்கொள்ளும், திரும்பத் திரும்ப ஒலிக்கும்போது தாளம் தட்டும். அப்பாவுக்காக இன்னொன்றும் செய்யலாம்: இரண்டு முறை 'வருவாய்' தாளம் வந்த பிறகு உங்கள் குரலிலேயே "கம்ப்யூட்டர் சூடாகுதுப்பா" என்று பதிவு செய்து சேர்த்துவிடுங்கள். ஒலி கவனத்தை இழுக்கும், பேச்சு விஷயத்தைச் சொல்லும். பேச்சை முதலில் வைக்காதீர்கள், முதல் சொல் எப்போதும் காதில் விழாமல் போய்விடும்.

இப்போது 'காரணமே இல்லாமல் அலறுகிறது' என்ற பாதி. எல்லையை 80 டிகிரி என்று வைத்திருப்பதாகச் சொல்கிறீர்கள். இன்றைய சிபியுக்கள் ஒரு கனமான வேலை வந்த நொடியில் துள்ளி ஏறி, அடுத்த நொடியில் இறங்கிவிடும். பல இன்டெல் சிபியுக்களின் உச்ச வரம்பு 100 டிகிரி. ஏஎம்டியின் ரைசன் 7000 வரிசையில் பல மேசைக் கணினிச் சிபியுக்கள் முழுச் சுமையில் 95 டிகிரி வரை போகும்படியே வடிவமைக்கப்பட்டவை. வரம்பை நெருங்கினால் சிபியு தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், அதையும் மீறினால் மின்சாரத்தையே துண்டித்துவிடும். ஆக, உங்கள் அலாரம் சிபியு கருகாமல் காக்கும் கடைசிக் காவல் கிடையாது. 'வழக்கத்துக்கு மாறாக ஏதோ நடக்கிறது' என்று முன்கூட்டிச் சொல்வதுதான் அதன் வேலை. அதனால் எல்லையைப் பொதுவான எண்ணிலிருந்து எடுக்காதீர்கள். விசிறியைச் சுத்தம் செய்த பிறகு, நீங்கள் வழக்கமாகச் செய்யும் ரெண்டரை அரை மணி நேரம் ஓடவிட்டு, வெப்பம் எங்கே நிலைகொள்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் ஆறேழு டிகிரியில் எல்லை வையுங்கள். உங்களுடைய சிபியு சுத்தமான விசிறியோடும் 95இலேயே நிற்கும் வகை என்றால் வெப்ப அலாரத்தால் ஒன்றும் தெரியவராது. அங்கே விசிறி வேகத்துக்கு அலாரம் வைப்பதுதான் சரி. ஆனால் சுமை இல்லாதபோது தானாகவே நின்றுவிடும் விசிறிகளும் உண்டு, கிராபிக்ஸ் கார்டில் இது சகஜம். அவற்றுக்கு அப்படி வைத்தால் மறுபடியும் காரணமில்லா அலறல்தான்.

எல்லை எண்ணைவிட முக்கியம் இரண்டு விஷயங்கள். ஒன்று, ஒரே ஒரு அளவீட்டை நம்பாமல் தொடர்ந்து பல அளவீடுகள் மீறினால் மட்டும் ஒலிப்பது. வெப்பத்தையும் விசிறியையும் கண்காணிக்கும் நிரலான ஹெச்டபிள்யூஇன்ஃபோவின் அலர்ட் அமைப்பில் எத்தனை முறை தொடர்ந்து மீற வேண்டும் என்று கேட்கும் இடம் இருக்கிறது, ஒலிக் கோப்பை இயக்கவும் வேறொரு நிரலை ஓட்டவும் அங்கேயே வழி உண்டு. இரண்டு நொடிக்கு ஒரு அளவீடு என்றால் பத்து அளவீடு, அதாவது இருபது நொடி, நல்ல தொடக்கம். இன்னொன்று, ஒலிக்கத் தொடங்கும் வெப்பமும் நிற்கும் வெப்பமும் வேறுவேறாக இருப்பது. 88இல் தொடங்கி 88இலேயே நின்றால், வெப்பம் 87க்கும் 89க்கும் நடுவில் ஆடும்போதெல்லாம் அலாரமும் ஆடும். 88இல் தொடங்கி 82க்கு இறங்கினால்தான் நிற்கும் என்று வையுங்கள். இது வன்பொருளில் நெடுநாள் பழக்கம்: எல்எம்75 என்ற புகழ்பெற்ற வெப்ப உணரி சில்லு 80இல் எச்சரித்து 75இல்தான் விடும்படியே ஆலையிலிருந்து வருகிறது. லினக்ஸ் பக்கம் போனால் உணரி எல்லைகள் மில்லிடிகிரியில் இருக்கும், 88 டிகிரி என்பது 88000. இதில் தடுமாறி 88 என்று எழுதிவிட்டு நாள் முழுக்க அலாரம் கேட்டவர்களைப் பார்த்திருக்கிறேன்.

ஒலி வெளியே வரும் பாதையையும் பாருங்கள். அப்பாவுக்குக் கேட்காத நாட்களில் காது காரணமா, பாதை காரணமா என்பதை இன்னும் பிரித்துப் பார்க்கவில்லை. ஹெட்போன் செருகியிருந்தால் ஒலி அதற்குள்ளேயே போய்விடும். மானிட்டர் வழியாக ஒலி போகிறது என்றால், மானிட்டர் உறங்கும்போது ஒலியும் போகாது. புளூடூத் ஸ்பீக்கர் உறக்கத்திலிருந்து விழிக்கும்போது முதல் அரை நொடியை விழுங்கிவிடும், நம் இரண்டு குறில்களும் அதிலேயே போய் வெறும் நெடில்தான் மிஞ்சும். அப்படி ஸ்பீக்கர் என்றால் கோப்பின் தொடக்கத்தில் ஒரு நொடி மிக மெல்லிய ஒலி சேருங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கணினி உறைந்துபோனால் நீங்கள் செய்த எந்த ஒலியும் வராது. அதனால்தான் போர்டின் பஸ்ஸரை நான் ஒருபோதும் துண்டிப்பதில்லை. நீங்களும் பயாஸில் அதன் எல்லையை உங்கள் அலாரத்தைவிடச் சற்று மேலே வைத்து அப்படியே விட்டுவிடுங்கள்.

எல்லாம் அமைத்த பிறகு எல்லையைத் தற்காலிகமாக 40 டிகிரிக்கு இறக்கி, அலாரத்தை அடிக்கவிட்டு, அப்பாவை அவர் வழக்கமாக உட்காரும் இடத்தில் உட்காரச் சொல்லுங்கள். தொலைக்காட்சி ஓடட்டும், கதவு மூடியிருக்கட்டும், கணினி விசிறியும் முழு வேகத்தில் சுற்றட்டும். அவருக்குக் கேட்கிறதா, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று கேளுங்கள். கேட்கவில்லை என்றால் ஒலியளவைத் தொடுவதற்கு முன் ஸ்பீக்கரை அவர் பக்கம் நகர்த்திப் பாருங்கள், தூரம் பாதியானால் திறந்த வெளியில் 6 டெசிபெல் கூடும், அறைக்குள் அதைவிடச் சற்றுக் குறைவாக. கேட்டதும் அவர் என்ன செய்ய வேண்டும் என்பதையும் அப்போதே சொல்லிக் காட்டிவிடுங்கள்: பிளக்கைப் பிடுங்க வேண்டாம், பவர் பொத்தானை ஒருமுறை அழுத்தி விட்டால் போதும். அப்படி அழுத்தினால் முறையாக அணையும்படி பவர் அமைப்பில் முன்பே வைத்துவிடுங்கள். முடிந்ததும் 40ஐ மறக்காமல் பழைய எண்ணுக்கு மாற்றுங்கள்.